பாஸ்தெர்ராவின் மழை

வியாழக்கிழமைதோறும் பஹியா பிளாங்கா ரயிலடிப் பெட்டிக்கடையில்
தலைநகரிலிருந்து வந்து இறங்கும் அந்த வாரப் பத்திரிகை.
கடைசி நான்கு பக்கம் பாஸ்தெர்ராவின் சித்திரக்கதை.
மற்ற பக்கங்களை நான் படித்ததே இல்லை.

இறைச்சிக்கடையில் எனக்குப் பொட்டலம் கட்டும் வேலை.
கொழுப்பை ஊறவிடாத தாள், வெளிச்சத்தை மட்டும் விடும்.
தினமும் இரண்டு முழம் என் மேல்கோட்டுக்குள் வீடு வந்து சேரும்.
முதலாளிக்குத் தெரியும்.
நான் கிளம்பும்போது தராசைப் பார்த்து இருமுவார்.

ஜன்னல் கண்ணாடியில் அவன் பக்கம், அதன்மேல் என் தாள்,
நேர் எதிரே தெருவிளக்கு, நகராட்சி எனக்கென்றே நட்டது.
ஜூலைக் குளிரில் கண்ணாடி வேர்க்கும்.
மை படர்ந்து ஒரு குதிரைக்கு ஐந்தாவது கால் முளைக்கும்.

முதல் வருடம் வெறும் கோடு.
தொப்பியின் விளிம்பு, சேணத்தின் வளைவு,
தூரத்தில் நடந்து வரும் ஆளுக்கு மூன்றே புள்ளி.
மூன்று புள்ளியில் ஒருவன் எப்படிக் களைத்திருக்க முடியும்?
நான் பதினேழு வைத்துப் பார்த்தேன்.
எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது.

பிறகு மழை.
பாஸ்தெர்ராவின் மழை இடது மேலிருந்து வலது கீழே சாயும்,
எந்தக் கதையிலும், எந்தக் காற்றிலும்.
என் கை அந்தப் பக்கம் போக மறுத்தது.
தாளைத் திருப்பி வைத்து
முழங்கையை மேசைக்கு வெளியே தொங்கவிட்டு
கழுத்து சுளுக்க, ஒன்றரை வருடம் அவன் மழையைப் பெய்தேன்.
மேதைமை அந்தச் சாய்வில் இருக்கிறது என்று.

செஃபெரினோ எலும்பு அறுப்பவன். அதிகம் பேசமாட்டான்.
ஒருநாள் என் தாளின்மேல் விரல் படாமல் குனிந்தான்.
"ஏன் எல்லாருக்கும் கை கோட்டுப் பைக்குள்ளேயே இருக்கிறது?
குளிரா?"
"அது பாணி" என்றேன்.
"ஓ" என்றான். தொடைக்கறிக்குத் திரும்பிப் போனான்.

அந்த "ஓ" தூங்கவிடவில்லை.
கட்டிலடியில் கிடந்த நூற்றுப் பதினாறு இதழையும் தரையில் பரப்பினேன்.
கை பைக்குள். கை முதுகுக்குப் பின்னால்.
மேசைக்கடியில், போர்வைக்குள், சுருட்டுப் புகைக்குள்.
கொலைகாரன்கூடக் கத்தியை இருட்டில்தான் பிடித்திருக்கிறான்.
நான் கும்பிட்ட அந்த ஆழமான கறுப்பு,
அதில் பாதி
கைகளை மறைக்க ஊற்றியது.

ஒரே ஒரு கட்டத்தில் ஒரு விதவை கடிதம் பிடித்திருக்கிறாள்.
கட்டைவிரல் தப்பான பக்கம்.
கோடு தடித்துத் தடித்து,
சுரண்டிய தழும்பு அச்சிலும் தெரிகிறது.
விடியப்போகிறது, அச்சகத்து ஆள் வாசலில் நிற்கிறான்,
இந்தப் பாழாய்ப்போன விரல் மட்டும்
அந்த அறையில் அவனோடு நானும் இருந்தேன்,
முதல் தடவையாக.

மறுநாள் செஃபெரினோவிடம், கையைக் காட்டு என்றேன்.
இடது கை. நான்கு விரல், ஐந்தாவதில் பாதி.
அவனுக்கும் ரம்பத்துக்கும் ஒரு திங்கட்கிழமை நடந்த விவகாரம்.
தொங்கும் மாடுகளுக்கு நடுவே அசையாமல் நின்றான்.
நான் கறுப்பு ஊற்றவில்லை. ஆசையாக இருந்தது.
ஒரு கட்டு கேரட் மாதிரி வந்தது.
"என்னுடையதுதான்" என்றான், ஒரு நகத்தை மட்டும் பார்த்து.

அந்தத் தாளில் யாரோ அவசரத்துக்கு
அரைக் கிலோ குடலைச் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

திரும்ப வரைந்தேன். திரும்பவும்.
ஆகஸ்டில் ஒரு ராத்திரி விரல்கள் விரல்களாக நின்றன.
பின்னால் வெறுமை உறுத்த
யோசிக்காமல் மழை போட்டேன்.
தாளைத் திருப்ப மறந்துவிட்டது.
அது பாட்டுக்கு வலது மேலிருந்து இடது கீழே இறங்கியது, சரசரவென்று.

அப்போதுதான் உறைத்தது.
பாஸ்தெர்ரா இடதுகைக்காரனாக இருக்கவேண்டும்.
அவனுக்கு அப்படிச் சாய்த்தால் வசதி, அவ்வளவுதான்.

கழுத்தைத் தடவிக்கொண்டு
மீதி மழையையும் போட்டு முடித்தேன்.